செத்த ஏ.சி. கம்ப்ரசரை ஜீப்புக்குக் காற்றடிக்க வைப்பது

கொழுக்குமலை ஏறுவதற்கு முன் நாலு டயரிலும் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கினால் ஜீப் கல்லில் துள்ளாமல் ஒட்டிக்கொண்டு போகும், இது சூரியநெல்லியில் எல்லாருக்கும் தெரியும். இறங்கி வந்தபின் அதே டயரோடு போடிமெட்டு வளைவுகளில் போக முடியாதே, அங்கேதான் வம்பு. லைட்டரில் சொருகும் குட்டி பம்ப் ஒரு டயருக்கே பத்து நிமிடம் முக்கும், மூன்றாவது டயரில் சூடாகி நின்றுவிடும். என் வண்டியில் ஏ.சி. கேஸை ஆறவைக்கும் கண்டன்சர் ஓட்டையாகி ஏ.சி. கம்ப்ரசர் சும்மா கிடந்தது. அதையே காற்றடிக்க வைத்துவிட்டேன். மலையில் ஏ.சி. எதற்கு? சித்திரையில் கம்பம் பக்கம் இறங்கும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

முதலில் கம்ப்ரசரைப் பாருங்கள். சாண்டன் கம்பெனியின் 508, 5ஹெச்14 மாதிரி ஐந்து பிஸ்டன், மேக்னட் கிளட்ச் (கரண்ட் கொடுத்தால் மட்டும் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு சேர்த்துச் சுற்றவிடுவது) உள்ளதாக இருந்தால் சரி. கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுற்றும் புது மாடல்கள் வேண்டாம். இந்த 508 ஒரு சுற்றுக்கு 138 சிசி தள்ளும், அது 1500 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் கணக்குப்படி நிமிடத்துக்கு 207 லிட்டர் காற்று. சூட்டிலும் கசிவிலும் ஒரு பங்கு போனாலும் குட்டி பம்ப் பக்கத்திலேயே வராது.

லைனில் கேஸ் மிச்சம் இருந்தால் நட்டைக் கழற்றிப் புஸ்ஸென்று விடாதீர்கள். ஏ.சி. மெக்கானிக்கிடம் போய் மிஷின் வைத்து இழுக்கச் சொல்லுங்கள். திரவமாகத் தெறித்தால் கை வெந்துபோகும், போதாததற்கு ஆர்134ஏ என்ற ஏ.சி. கேஸ் காற்றோடு கலந்து அழுத்தத்தில் இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்போது ஆயில். இந்த வேலையில் பாதி விஷயம் இதுதான். ஏ.சி.யில் ஆயில் கேஸோடு கலந்து சுற்றி வந்து பிஸ்டனை நனைக்கும். காற்றை இழுத்து வெளியே தள்ளும்போது ஆயிலும் கூடவே போய்விடும், திரும்பி வர வழியே இல்லை. இது புரியாமல் நான் முதலில் மாட்டிய கம்ப்ரசர் ஒரே மாதத்தில் இறுகி, கிளட்ச் கருகி, ஜீப் முழுக்க நாற்றம். அமெரிக்க ஜீப்காரர்கள் யார்க் கம்ப்ரசரைத் தேடுவதும் இதனால்தான், அதற்கு எஞ்சின் மாதிரி அடியிலேயே தனி ஆயில் தொட்டி உண்டு. நம் பக்கம் அது கிடைப்பது கஷ்டம், அதனால் சாண்டனில் பழைய ஆயிலை வடித்துவிட்டு ஏர் கம்ப்ரசருக்குப் போடும் மினரல் ஆயிலை ஊற்றுங்கள். ஏ.சி.க்கான பாக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், வெளிக்காற்றோடு ஒத்துவராது. காற்று உள்ளே போகும் பக்கம் ஃபில்டருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில், சொட்டுச் சொட்டாக விடும் ஆயிலர் ஒன்றை வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் பயன்படுத்துவீர்கள் என்றால் ஆயிலர்கூட வேண்டாம், ஃபில்டரைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிளட்சின் முன்தட்டைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டினால் போதும். உள்ளே கிரீஸ் அடைத்துவிட்டால் கவலையே இல்லை என்பவர்களும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கம்ப்ரசரின் தலையில் எஸ், டி என்று குறி இருக்கும். எஸ் இழுப்பது, டி தள்ளுவது. தள்ளும் பக்கம் கை வைக்க முடியாத சூடு, சாதா ரப்பர் ஓஸ் தாங்காது. ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஓஸ் போட்டு, அப்புறம் ஒன்றிரண்டு மீட்டர் செம்புக் குழாயில் ஓடவிட்டு ஆறிய பிறகுதான் ஆயில் பிரிப்பான் வர வேண்டும். பிரிப்பானின் கிண்ணம் உலோகமாக இருக்கட்டும். ஆயில் கலந்த காற்று டயர் ரப்பரைத் தின்றுவிடும். அடுத்து காற்றைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு, அப்புறம் டேங்க்.

டேங்குக்கு அலையாதீர்கள், லாரி ஏர் பிரேக் டேங்க் போதும், துருப்பிடிக்காததாகப் பார்த்து எடுங்கள். பழைய கேஸ் சிலிண்டர், பி.வி.சி. பைப் எல்லாம் வெடிகுண்டு மாதிரி. டேங்க் ரொம்பப் பெரிதாகவும் வேண்டியதில்லை: 10 லிட்டர் டேங்க் 110 பவுண்டிலிருந்து 80-க்கு இறங்கினால் கிடைப்பது 20 லிட்டர் காற்று, ஒரு ஜீப் டயரை 18-லிருந்து 32-க்கு ஏற்றவே சுமார் 30 லிட்டர் வேண்டும். ஆக வேலை செய்வது கம்ப்ரசர்தான், டேங்க் சும்மா நடுவில் தாங்கிப் பிடிக்கிறது. 130 பவுண்டில் திறக்கும் சேஃப்டி வால்வு டேங்கில் ஒன்று, நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால் இன்னொன்று. நான்-ரிட்டர்ன் வால்வு அடைத்துக்கொண்டால் டேங்கில் இருப்பது உதவாது.

வயரிங் சுலபம். வண்டியோடு வந்த ஏ.சி. வயரிங்கில் ஒரு ஸ்விட்ச் உண்டு, லைனில் கேஸ் இல்லையென்றால் அது கிளட்சைப் போடவே விடாது, அதனால் தனி வயர் இழுங்கள். கிளட்ச் நாலு ஆம்பியர் வரை எடுக்கும், 10 ஆம்பியர் ஃபியூஸ், சின்னக் கரண்டில் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் ரிலே ஒன்று போதும். 80-ல் போட்டு 110-ல் நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சை ரிலேயோடு சேர்த்துவிடுங்கள், டேஷ்போர்டில் ஆன் ஆஃப் ஒன்று.

காற்றடிக்கும்போது வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். டேங்குக்கு அடியில் உள்ள டிரெய்ன் வால்வைத் திறந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி வடியும். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை திறந்தால் போதும், ஆடி மழையில் தினமும் திறங்கள்.