வாழைத் திசு வளர்ப்புக்கு இளநீர்: எடுப்பது, பக்குவப்படுத்துவது, கலப்பது

குருத்தின் நுனியில், கடுகைவிடச் சிறிய இடத்தில் இருக்கும் ஆக்குத்திசுதான் செடியின் ஸ்டெம் செல் கூடாரம். இலையும் தண்டும் அங்கிருந்தே பிறக்கின்றன. அந்தச் செல்களைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின்கள், முக்கியமாக சியாட்டின், இளநீரில் தாமாகவே இருக்கின்றன. 1941இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தைக் கருவைத் தேங்காய் நீர் சேர்த்து வளர்த்துக் காட்டியதிலிருந்து இது ஆய்வகச் சரக்காகிவிட்டது.

ஆனால் காய்க்குக் காய் சத்து மாறும். போன தொகுதியில் கொத்துக் கொத்தாகத் தளிர்விட்டது, இந்தத் தொகுதியில் சும்மா நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இளநீரைத்தான். அதனால் ஒரே காயை நம்பாமல், வழுக்கை அப்போதுதான் படியத் தொடங்கிய 10 காய்களாவது வெட்டி ஒன்றாகக் கலக்கவும். பாக்கெட் இளநீர் வேண்டாம். சர்க்கரையும் பதப்பொருளும் சேர்ந்திருக்கக்கூடும்.

மெல்லிய துணியில் வடிகட்டி 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். திரிந்த பால்போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும்; அது புரதம். ஆறியதும் வடிதாளில் மறுபடி வடிக்கவும். இதைச் சோம்பலில் விட்டால் ஊடகம் (திசு வளரும் சத்துக் கலவை) கலங்கி, பாக்டீரியா வந்திருக்கிறதா என்று பார்த்தே சொல்ல முடியாது. 100 மில்லி பாட்டில்களில் நிரப்பி உறையவைக்கவும். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

ஒரு லிட்டர் எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக் என்ற வழக்கமான உப்புக் கலவை) ஊடகத்துக்கு 100 முதல் 150 மில்லி போதும். இளநீரிலேயே இனிப்பு இருப்பதால் 30 கிராம் சர்க்கரையை 25 ஆகக் குறைக்கலாம். வாழைக்கு இளநீர் மட்டும் போதாது. பிஏபி என்ற செயற்கைச் சைட்டோகைனின் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் வேண்டும். இளநீர் அதற்குத் துணைதான், மாற்று இல்லை.

பிஎச் (அமில-கார அளவு) 5.8க்குக் கொண்டுவருவது இளநீர் ஊற்றிய பிறகு, ஊடகத்தை உறையவைக்கும் அகார் போடுவதற்கு முன். இளநீர் அமிலத்தன்மை உள்ளது. முன்பே சரிசெய்துவிட்டுப் பிறகு ஊற்றினால் பிஎச் இறங்கும். 5க்குக் கீழே போனால் அகார் உறையாமல் கஞ்சியாக நிற்கும். பிறகு 7 கிராம் அகார் சேர்த்துக் கரைத்து, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தக் கலத்தில் கிருமிநீக்கம்) செய்யவும். கலத்தின் உள்ளிருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றாவிட்டால் மீட்டரில் 15 பவுண்டு அழுத்தம் காட்டினாலும் சூடு அந்த அளவுக்கு ஏறியிருக்காது.

ஈட்டி இலைக் கன்றிலிருந்து (ஈட்டிபோல ஒடுங்கிய இலை உள்ள வாழைப் பக்கக்கன்று) எடுத்த நுனி கறுத்துப்போனால் பழியை இளநீர்மேல் போடாதீர்கள். வெட்டுவாயில் கசியும் ஃபீனால் என்ற ரசாயனம்தான் காரணம். அஸ்கார்பிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சேர்த்து, முதல் வாரம் இருட்டில் வைக்கவும்.

மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை தளிர்க் கொத்தைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றலாம். எட்டுச் சுற்றோடு நிறுத்திவிடுங்கள். மேலே போகப் போக உருமாறிய கன்றுகள் கூடும். வேர்விடும் ஊடகத்தில் மட்டும் இளநீரை ஒரு சொட்டுகூட விடாதீர்கள். தளிரைப் பெருக்கிய அதே சைட்டோகைனின் அங்கே வேரைத் தடுக்கும்.