உள்ளதைச் சொல்லாமல் இல்லத்தில் சேர்க்காதீர்கள்

மறதிநோய் வந்தவருக்கு முதியோர் இல்லம் தேடும்போது நாங்கள் செய்த பெரிய தவறு, உள்ளதைச் சொல்லாததுதான். அத்தை ராத்திரி தூங்க மாட்டார். குளிப்பாட்டப் போனால் அடிப்பார். நகையைத் திருடிவிட்டதாக மருமகளை ஏசுவார். "கொஞ்சம் மறதி, மற்றபடி சாது" என்று சொல்லி, கும்பகோணம் பக்கம் ஓர் இல்லத்தில் விட்டு வந்தோம். ஒன்பதாம் நாள் அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். இடம் மாறி மாறி, அத்தைக்குக் குழப்பம் இன்னும் கூடிப்போனது.

எப்போது கோபம் வருகிறது, என்ன செய்தால் தணிகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அத்தைக்குத் தலையில் முதலில் தண்ணீர் ஊற்றினால்தான் ஆவேசம் வரும். காலிலிருந்து தொடங்கினால் பேசிக்கொண்டே குளித்துவிடுவார். இது தெரிந்த ஆயா அடி வாங்க மாட்டார்.

நடத்தை திடீரென்று மாறினால், நோய் முற்றிவிட்டது என்று இல்லம் தேடக் கிளம்பாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஒன்று போதும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கையைத்தான் ஓங்குவார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ முதலில் காட்டுங்கள்.

"மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடுவார்" என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகள் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. சிலருக்கு அவை தேவைப்படலாம், சரி. எழுதிய மருத்துவர் யார், எப்போது குறைப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பகல் பதினொரு மணிக்கு இல்லத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா இடமும் அமைதியாகத்தான் இருக்கும். குழப்பம் கூடும் சாயங்காலத்தில் போங்கள். ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். கொல்லைக் கதவு எங்கே திறக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். நம் பக்கம் வாய்க்காலோ குளமோ இல்லாத ஊர் ஏது? மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால், வழி தெரியாமல் நடந்து போகிறவரை நினைத்துப் பயப்படத்தான் வேண்டும்.

விவரம் கேட்க, முதியோருக்கான இலவச உதவி எண் 14567 இருக்கிறது.

இரண்டாவது இல்லத்தில் முதல் நாளே நோட்டைக் கொடுத்தோம். வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தால் அத்தை அமைதியாக இருப்பார் என்று அதில் எழுதியிருந்தது. அங்குள்ள ஆயா தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கவுளி வெற்றிலையை அவர் மடியில் வைத்துவிடுகிறார்.