மனு எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா?

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுவதுதான் என் பிழைப்பு. இப்போதெல்லாம் முகாம்களில் இலவசமாக எழுதிக் கொடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். கையெழுத்து மணி மணியாக இருக்கிறது, பொறுமைதான் பத்தவில்லை. அவர்களுக்காக இது.

எதையாவது மறந்துவிட்டு வருபவரிடம் எரிந்து விழாதீர்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். கரும்பு வெட்டுக்கு முன் ஒரு தடவை, வெட்டுக்கு அப்புறம் ஒரு தடவை, அதே ஆட்களுக்குப் படப் புதிர்கள் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் 4 பேர்தான். புதிரிலும் அப்படியே: பணமுடையில் தடுமாறியவர்கள், கையில் காசு வந்ததும் நன்றாகவே போட்டார்கள். அடகு வட்டி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெராக்ஸ் ஞாபகம் எங்கிருந்து வரும்?

அதனால் "ஆதார் இருக்கா, பாஸ்புக் இருக்கா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மிரட்டாமல், பையிலிருப்பதை மொத்தமாக மேசையில் கொட்டச் சொல்லுங்கள். விதவை உதவித்தொகைக்கு வந்த ஓர் அக்காவை, இறப்புச் சான்றிதழ் இல்லையென்று ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். மஞ்சப்பையைக் கொட்டினால், கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் நாலாக மடித்து இருக்கிறது. அவரே மறந்துபோயிருந்தார்.

குறைகிற தாள்களை ஒரே சீட்டில் எழுதிக் கொடுங்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போச்சு. (2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. கூலியை யார் தருவார்?) போன் நம்பரை எழுதுமுன், அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஓடிபி திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போய்விடும்.

"பையன் சோறு போடலையா பெரியம்மா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று படிவம் கேட்டால், அந்த வரியைத் தாழ்ந்த குரலில் கேட்டு நிரப்புங்கள். ஏழை என்று நாலு பேர் முன் நிரூபிக்க வைப்பதில்தான் பாதிப் பேர் பாதியிலேயே எழுந்து போகிறார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தால் சோறு விழுந்தது, மனு கேட்கவில்லை. எனக்குப் பிடித்த திட்டம் அதுதான், என் தொழிலுக்கு ஆகாது என்றாலும்.

கடைசியாக, ஒப்புகைச் சீட்டு எண்ணைப் பாஸ்புக் பின்னட்டையிலும் எழுதிவிடுங்கள். சீட்டு மழையில் நனைந்தால் அதை வைத்துத்தான் நிலவரம் கேட்க முடியும்.