கணக்கு சரி, எண் எங்கிருந்து வந்தது? நீர்வளப் பொறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு நீர்வளத் துறையில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு இருக்கும் பெரிய பயம், கணக்கில் எங்காவது தப்பு விட்டுவிடுவோமோ என்பதுதான். அந்தப் பயம் ஓரளவுக்கு மேல் வேண்டியதில்லை. கணக்கை மேலே இரண்டு பேர் சரிபார்ப்பார்கள்; இப்போது மென்பொருளும் இருக்கிறது. அணை உடைப்புகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளை எடுத்துப் படித்தால், பெருக்கல் வகுத்தலில் வந்த வினை குறைவாகவே தெரியும். கணக்குக்குள் போட்ட எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்காமல் விட்டதும், கேட்ட ஒருவரை ஓரங்கட்டியதும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

அட்டவணையைப் பார்த்து எழுதிய எண்

கால்வாயில் எவ்வளவு நீர் போகும் என்று கணக்கிட உலகமெங்கும் பயன்படுவது மேனிங் சூத்திரம். ராபர்ட் மேனிங் முறையாகப் பொறியியல் படித்தவர் இல்லை. அயர்லாந்தின் பொதுப்பணித் துறையில் 1846-ல் கணக்கராகச் சேர்ந்து, வேலையிலேயே தொழிலைக் கற்று, 1874-ல் தலைமைப் பொறியாளர் ஆனவர். 1889-ல் சூத்திரத்தை முன்வைத்தபோது அதன்மேல் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. நாம்தான் அதை வேதவாக்காக்கி வைத்திருக்கிறோம்.

அதில் சொரசொரப்பைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. வழுவழுப்பான கான்கிரீட்டுக்கு 0.013 அளவில் இருக்கும். மண் கால்வாய்க்கு 0.025 என்று வைத்துக்கொள்ளலாம். செடி கொடி மண்டிவிட்டால் 0.05-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். இந்த எண் இரண்டு மடங்கானால் அதே நீர்மட்டத்தில் ஓடும் நீரின் அளவு பாதியாகிவிடும். வடிவமைத்த அன்று எழுதிய 0.025, பத்து வருடம் தூர்வாராத பிறகும் 0.025 ஆகவே இருக்கும் என்று நினைப்பதுதான் தவறு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்கு, "தலைமதகில் முழு அளவு திறந்திருக்கிறோம்" என்று மேசையிலிருந்தே பதில் எழுதுவது எளிது. கரையோரம் ஒருமுறை நடந்து போனால் பதில் வேறாக இருக்கும்.

ஆற்றிலும் இதே கதை. தினமும் அளப்பது பெரும்பாலும் நீரின் மட்டத்தை மட்டும்தான். இந்த மட்டத்துக்கு இத்தனை கன அடி என்பது, முன்பு எப்போதோ அளந்து வரைந்த ஒரு வளைகோட்டிலிருந்து வருகிறது. ஒரு பெருவெள்ளம் படுகையை அரித்துவிட்டால், அல்லது மணலைக் கொட்டி மேடாக்கிவிட்டால், அந்தக் கோடு பொய்யாகிவிடும். அப்புறம், அந்தக் கோட்டின் உச்சிப் பகுதியைப் பல இடங்களில் யாரும் அளந்ததே இல்லை. வெள்ளம் கரைபுரளும்போது யார் இறங்கி அளப்பார்கள்? கீழ்ப்பகுதியை வைத்து மேலே நீட்டி வரைந்திருப்பார்கள். அணையின் உபரிநீர் வழியை வடிவமைக்கத் தேவைப்படுவதோ அந்த உச்சிதான். நீரளவுக் கோப்பைத் திறந்ததும், எது அளந்தது, எது நீட்டியது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சில பத்து வருடப் பதிவை நம்பி நதியைப் பங்கிடுவது

அமெரிக்காவின் கொலராடோ நதியை 1922-ல் ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொண்டன. மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. மெக்சிகோவுக்கு 15 லட்சம் என்று 1944-ல் தனி ஒப்பந்தமும் வந்தது. பங்கிட்டபோது கையில் இருந்த பதிவு சில பத்தாண்டுகளுடையது. அந்தக் காலம் வழக்கத்துக்கு மீறி மழை பெய்த காலம் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. மர வளையங்களை வைத்து 1976-ல் செய்த ஆய்வு, நதியின் நீண்டகாலச் சராசரி சுமார் 1.35 கோடி ஏக்கர்-அடிதான் என்றது. அதாவது இல்லாத தண்ணீருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கும் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நீரியலாளர் இ. சி. லாரூ, இத்தனை தண்ணீர் கிடைக்காது என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்தார். ஆனால் எல்லோருக்கும் தாராளமாகப் பங்கு கிடைக்கும் எண்தான் ஒப்பந்தத்துக்கு வசதி. இரண்டு எண்கள் மேசைக்கு வரும்போது வசதியான எண் ஜெயித்துவிடும். நீர்வளப் பணியில் இதைவிட அதிகமாக நடக்கும் தவறு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நைல் நதியில் இதற்கு எதிர்மாறான உதாரணம் இருக்கிறது. ஹெரால்ட் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1906-ல் எகிப்துக்கு வேலைக்குப் போனார். வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்த ஒரு நதிக்கே கொடுத்தார். கெய்ரோவின் ரோடா தீவில் பல நூற்றாண்டுகளாகக் குறித்துவைத்த நைலின் மட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. அவற்றை அலசியபோது, வளமான வருடங்களும் வறண்ட வருடங்களும் தாறுமாறாகக் கலந்து வராமல், கொத்துக் கொத்தாக வருவது தெரிந்தது. 1951-ல் வெளியான அவருடைய கட்டுரையின் நடைமுறைப் பொருள் இதுதான்: ஒரு நல்ல வருடத்தின் மிச்சம் அடுத்த வருடப் பஞ்சத்துக்கு உதவும் என்று சாதாரண நிகழ்தகவை வைத்துப் போடும் சேமிப்புக் கணக்கு போதாது, வறட்சி வந்தால் வரிசையாக வரும், அணை அதற்கேற்பப் பெரியதாக இருக்க வேண்டும். பருவநிலை மாறிவரும் இப்போது, பழைய பதிவு நீளமாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. அது வேறு தலைவலி.

"நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்"

மக்களிடமும் செய்தியாளர்களிடமும் இப்படிச் சொல்லவே கூடாது. எந்த வருடத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். கரையோரத்தில் 30 வருடம் குடியிருக்கும் ஒருவர் அந்த அளவு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. போன வருடம் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று அவர் வீடு கட்ட ஆரம்பித்தால், நாம் சொன்ன விதமும் அதற்கு ஒரு காரணம்.

தண்ணீரை மட்டும் எண்ணி வண்டலை மறப்பது

சீனாவின் மஞ்சள் ஆற்றில் சான்மென்சியா அணை 1960-ல் நீரைத் தேக்கத் தொடங்கியது. 1957-ல் திட்டத்தை விவாதித்தபோதே, இந்த ஆற்றின் வண்டலை இப்படித் தேக்க முடியாது, குறைந்தது அடிமட்டத் திறப்புகளையாவது அடைக்காமல் விடுங்கள் என்று பொறியாளர் ஹுவாங் வான்லி வாதிட்டார். திறப்புகளை அடைத்தார்கள். சில வருடங்களிலேயே வண்டல் நிரம்பி, மேலே வெய் ஆற்றின் படுகையும் உயர்ந்து, வெள்ள அபாயம் அங்கே திரும்பியது. அடைத்த திறப்புகளைப் பெரும் செலவில் மறுபடி உடைத்துத் திறக்க வேண்டியதாயிற்று.

ஒருவரே முடிவெடுப்பது

வில்லியம் மல்ஹாலண்டின் வாழ்க்கையை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். அயர்லாந்தில் பிறந்தவர். 1878-ல் லாஸ் ஏஞ்சலிஸில் வாய்க்கால் பராமரிக்கும் ஆளாகச் சேர்ந்தார். வேலை முடிந்த பிறகு புத்தகங்களை வைத்துத் தானே படித்தார். அந்த நகரின் நீர் விநியோகத்துக்குத் தலைவராக உயர்ந்து, சுமார் 375 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்பு எதுவும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பித் தண்ணீரைக் கொண்டுவந்தார். அந்தக் கால்வாய் 1913-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு அவர் சொன்னதைக் கேள்வி கேட்க ஆளில்லை.

அவர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணையின் உயரத்தைக் கட்டுமானத்தின்போதே இரண்டு தடவை, தடவைக்குப் பத்து அடி வீதம் கூட்டினார்கள். அடிப்பாகத்தை அதற்கேற்ப அகலப்படுத்தவில்லை. வெளியார் யாரும் வடிவமைப்பைச் சரிபார்க்கவில்லை. ஒரு பக்க மலைச்சரிவு பழைய நிலச்சரிவின்மேல் இருந்தது என்பது அன்று யார் கண்ணிலும் படவில்லை. 1928 மார்ச் 12 காலை, கசிவு நீர் கலங்கலாக வருகிறது என்று அணைக் காவலர் தகவல் சொன்னார். கலங்கல் என்றால் அடித்தளம் அரிக்கப்படுகிறது என்று பொருள். மல்ஹாலண்ட் உடனே நேரில் வந்தார். பார்த்தார். புதிதாகப் போட்ட பாதையின் மண்ணில் கலந்துதான் நீர் கலங்குகிறது, ஆபத்து ஒன்றுமில்லை என்று முடிவு சொல்லிப் போய்விட்டார். நள்ளிரவு நெருங்கும்போது அணை உடைந்தது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அந்தக் காவலரும் அவர்களில் ஒருவர்.

மல்ஹாலண்ட் பழியை வேறு யார்மேலும் போடவில்லை. மரண விசாரணைக் குழு சொன்னதுதான் முக்கியம்: எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், பெரிய அணையைத் தனி ஒருவரின் தீர்ப்புக்கு விடக்கூடாது. மறு ஆண்டே கலிபோர்னியாவில் அணைப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. அனுபவம் கூடக்கூட நம் கோப்பை இன்னொருவர் பார்ப்பது அவமானமாகத் தோன்றும். அப்படித் தோன்ற ஆரம்பிக்கும் வயதில்தான் அந்த இன்னொருவர் அதிகம் தேவை. தினம் அணையைப் பார்க்கும் காவலர், மதகு இயக்குபவர் எல்லாம் அந்த இன்னொருவரில் சேர்த்தி.

நிரப்பும் அவசரம்

புதிய அணைக்கு முதல் நிரப்புதல்தான் சோதனை. அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணையை நாளுக்கு ஓர் அடி வீதம் நிரப்புவது என்று முதலில் திட்டம். பனி உருகி நீர்வரத்து கூடியது. பெரிய வெளியேற்று வழி இன்னும் தயாராகவில்லை. வேக வரம்பைத் தளர்த்தினார்கள், நீரோ அதையும் தாண்டி ஏறியது. 1976 ஜூன் 5 அன்று அணை உடைந்து 11 பேர் இறந்தார்கள். வெளியேற்றும் வழி தயாராகும் முன்பு நீரைத் தேக்கத் தொடங்காதே என்பது தெரியாத விஷயமில்லை. தேதி நெருங்கும்போது அதை நினைவுபடுத்த ஒருவர் வேண்டும்.

இத்தாலியின் வயோன்ட் அணையில், ஏரியை ஒட்டிய மலைச்சரிவு நகர்வதை மூன்று வருடமாக அளந்துகொண்டே இருந்தார்கள். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி அந்த நகர்வைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று நம்பினார்கள். 1963 அக்டோபர் 9 இரவு சுமார் 26 கோடி கன மீட்டர் மலை ஏரிக்குள் சரிந்து, எழுந்த அலை கீழேயிருந்த ஊர்களை அழித்தது. ஏறக்குறைய 2,000 பேர் போனார்கள். அணை இன்னும் நிற்கிறது.

இடமாற்றத்தோடு போய்விடும் அறிவு

பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினால் தண்டனை என்றும், புதுக் கட்டுமானம் கிடைத்தால் யோகம் என்றும் நினைப்பது துறையில் ஊறிப்போன பழக்கம். அணை நூறு வருடம் நிற்க வேண்டியது, கட்டுவதோ சில வருடம். மிச்சமெல்லாம் பராமரிப்புதான்.

கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் 2017 பிப்ரவரியில் உபரிநீர்ச் சரிவுத்தளம் பெயர்ந்து, சுமார் 1,88,000 பேரை வெளியேறச் சொல்ல வேண்டி வந்தது. அடியில் பாறை பலவீனமாக இருந்தது கட்டுமானத்துக்கு முந்தைய நிலவியல் அறிக்கைகளிலேயே இருந்ததை விசாரணைக் குழு எடுத்துக் காட்டியது. பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் வந்தார்கள், மேலே கான்கிரீட்டைப் பார்த்தார்கள், போனார்கள். பழைய கோப்பைத் திறந்து, அடியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் இடமாற்ற உத்தரவு வந்ததும் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு பக்கத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதுங்கள். எந்த மதகு எந்த மட்டத்தில் சிக்கிக்கொள்ளும், எந்தக் கசிவு எப்போதிலிருந்து எவ்வளவு இருக்கிறது, மட்டங்கள் எந்த அடிப்படைக் குறியிலிருந்து எடுத்தவை, எந்த ஆவணத்தில் அடி, எதில் மீட்டர், கோப்பில் இருக்கும் எந்த எண்ணை நீங்களே நம்பவில்லை, ஏன். பிறகு புதிதாக வருபவரையும் பழைய காவலரையும் சேர்த்துக் கூட்டிப்போய் ஒவ்வொரு இடத்தையும் காட்டிவிடுங்கள். காவலரை முன்னால் பேசவிடுங்கள்.