சுவரில் ஓதம்: காரணம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

சுவரில் ஈரம் கண்டதும் பலர் முதலில் கூப்பிடுவது பெயின்டரை. பணம் வீணாகத் தொடங்குவதும் அங்கேதான். அவர் உரிந்த பட்டியைச் சுரண்டிவிட்டு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிப்பார். அடுத்த மழையில் அதே இடம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தண்ணீர் சுவருக்குப் பின்னாலிருந்து தள்ளும்போது உள்பக்கப் பூச்சு பிடிமானம் இழந்து கழன்றுதான் வரும். போதாததற்கு, ஈரம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்ற தடயமும் பெயின்டுக்கு அடியில் மறைந்துபோகும்.

எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள். ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு வாரம் கவனியுங்கள். இரவு பகல் ஒரே அளவில் இருந்தால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். குளித்த பிறகு கூடினால் கழிவுக் குழாய் அல்லது பாத்ரூம் தரை. மழைக்குப் பின் மட்டும் வந்தால் மொட்டைமாடி அல்லது வெளிச்சுவர். ஏசி ஓடும் மாதங்களில் மட்டும் என்றால் அதன் டிரெயின் குழாய். காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊரில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வெளியேற்றும்.

கறைக்கு நேர் மேலே உடைத்துப் பார்ப்பது அடுத்த தவறு. கான்கிரீட் தளத்துக்குள் புகுந்த நீர் கம்பியையும் ஒயர் போகும் பிவிசி குழாயையும் பிடித்துக்கொண்டு பல அடி தள்ளிப் போய் இறங்கும். ஹாலின் நடுவில் ஃபேன் மாட்டிய இடத்தில் சொட்டுகிறது, ஆனால் மேலே பாத்ரூமே இல்லை என்று குழம்புவார்கள். ஒயர் குழாய் வழியாகப் பக்கத்து பாத்ரூம் தண்ணீர் அங்கே வந்திருக்கும். இப்படிச் சொட்டினால் முதல் வேலை அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள சுவிட்சை) இறக்குவது.

சொட்டும் நீரைப் பிடித்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, 'இது போர் தண்ணி, மழைத் தண்ணி இல்லை' என்று தீர்ப்புச் சொல்வதும் நடக்கிறது. கான்கிரீட்டைக் கடந்து வரும் மழைநீரும் சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டுதான் வரும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேல்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

பாத்ரூம்: உடைக்கும் முன் சோதனை

டைல்ஸ் இடுக்கில் கிரவுட் பூசிப் பார்ப்போம் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். சன்கன் ஸ்லாப் (பள்ளமாக இறக்கிப் போட்ட தளம்) உள்ள பாத்ரூமில் டைல்ஸுக்கு அடியில் முக்கால் அடி, ஒரு அடி ஆழத்துக்குச் செங்கல் ஜல்லி நிரப்பியிருக்கும். அந்தப் பள்ளம் தொட்டி மாதிரி. ஒழுகுவதை அடைத்த பிறகும் தேங்கிய நீர் வாரக்கணக்கில் கீழே சொட்டும். 'இரண்டு நாள் பார்த்தோம், நிற்கவில்லை' என்று சரியான பழுதுபார்ப்பையே தவறென்று நினைத்து, மறுபடி வேறு இடத்தை உடைப்பார்கள். அடியில் ஒரு பாத்திரம் வைத்து, ஒரு தம்ளர் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று தினமும் குறித்துவாருங்கள். அந்த நேரம் நாளுக்கு நாள் நீண்டால் ஊற்று அடைபட்டுவிட்டது என்று அர்த்தம்.

சோதனையை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். முதலில் அந்த பாத்ரூமுக்கு வரும் வால்வுகளை மூடுங்கள். கீசர் லைன் தனியாக வந்தால் அதையும் சேர்த்து. வெளியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். சொட்டு குறைந்தால் சுவருக்குள் போகும் குழாயில் கோளாறு. பிளம்பரை வைத்துக் கைபம்பில் பிரஷர் டெஸ்ட் செய்தால் உறுதியாகிவிடும். பம்பு மீட்டரின் முள் இறங்காமல் நின்றால் குழாய் நல்லது.

குறையவில்லையா? தரைத் தண்ணீர் வடியும் நானி டிராப்பின் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கசிவு கூடினால் தரை, அல்லது தரையும் சுவரும் சேரும் மூலை. கூடாவிட்டால் தரையை நனைக்காமல் டிராப்புக்குள் மட்டும் பத்து வாளி ஊற்றிப் பாருங்கள். அப்போது கூடினால் டிராப் அல்லது அதன் இணைப்பு. கம்மோடுக்குத் தனியாக, கலர் பொடி கரைத்து ஊற்றலாம். கலர் கீழே வந்தால் அது ஆதாரம். வராவிட்டால் கம்மோடு நல்லதென்று ஆகிவிடாது, ஜல்லியும் கான்கிரீட்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த பாத்ரூம் என்றே தெரியாவிட்டால் மேல் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். இரவில் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் ஃப்ளஷ் டேங்க்குக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கையும் மூடி, நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஆங்கிள் காக்கை மறந்தால் கணக்கு தப்பும். ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் கம்மோடுக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கும். மூன்றரை அடி விட்டத் தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் சுமார் 9 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் ஒவ்வொரு லைனின் வால்வையும் மாற்றி மாற்றி மூடிப் பார்க்கலாம். பழைய கேட் வால்வு முழுசாக மூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கீழிருந்து ஏறுவதும் மேலிருந்து இறங்குவதும்

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை சீராக உப்புப் பூத்து, அதற்கு மேல் சுவர் காய்ந்திருந்தால் குழாயைத் தேடி உடைக்காதீர்கள். அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். பிளிந்த் மட்டத்தில் (அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில்) ஓதத் தடுப்பு அடுக்கு போடாமல் விட்டிருக்கலாம். போட்டிருந்தும் வெளியே மண்ணோ சிமென்ட் தரையோ அந்த மட்டத்துக்கு மேல் உயர்ந்திருக்கலாம். ரோடு போடப்போட வீடு பள்ளத்தில் இறங்கும் சென்னைத் தெருக்களில் இது சகஜம். வீட்டைச் சுற்றி மேலேறிய மண்ணை வெட்டி இறக்குவதுதான் முதல் வைத்தியம்.

மொட்டைமாடியில் விரிசலை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மழைநீர்க் குழாயின் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, டேங்க் நிற்கும் மேடையின் அடி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் கட்டிப் பார்ப்பதானால் பகுதி பகுதியாகக் கட்டுங்கள். 100 சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீரே 230 கிலோவுக்கு மேல். பழைய தளத்தில் மாடி முழுக்க அரையடி கட்டுவது விளையாட்டல்ல.

வெளிச்சுவரை ஓஸ் பைப்பால் சோதிக்கும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். ஜன்னலின் அடிக்கட்டை, பக்கவாட்டு இடுக்கு, சன்ஷேடின் மேற்பரப்பு, பீமும் செங்கல்லும் சேரும் கோடு என்று ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் கொடுங்கள். மேலே பீய்ச்சினால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், எது புகும் வழி என்று கண்டுபிடிக்க முடியாது.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் சுவர் மழைக்காலத்தில் பிசுபிசுத்தால் பதற வேண்டாம். பூச்சில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளக்கும் மீட்டரும் அந்த உப்பைப் பார்த்துக் கூடுதலாகக் காட்டும். கறை எட்டிய இடத்துக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைக் காயவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். 9 அங்குலச் சுவர் காய மாதக்கணக்காகும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயின்டரை இன்னும் கூப்பிடாதீர்கள்.