கருப்பட்டிக்கு ஆன்லைன் கடை: லேப்டாப்புக்கு முன்னால் தராசு

உடன்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டிதான் தொழில். மாமனார் காலத்தில் வியாபாரி விடிலிக்கே (பதநீர் காய்ச்சும் குடிசை) வந்து சிப்பமாகத் தூக்கிப் போவார். அவர் சொன்னதுதான் விலை. அந்த விலையை நாமே சொல்ல வேண்டும் என்றுதான் நான்கு வருடம் முன்பு வூகாமர்ஸ் என்ற மென்பொருளில் சொந்தமாக ஓர் ஆன்லைன் கடை போட்டேன். "எப்படிக்கா ஆரம்பிச்சீங்க?" என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் விற்பது புடவையோ ஊறுகாயோ எதுவாக இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

லேப்டாப்பைத் திறக்காதீர்கள். முதலில் தராசை எடுங்கள். ஒரு கிலோ கருப்பட்டியைப் பட்டர் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு சீல் வைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி, அதற்குப் பிறகு எடை போடுங்கள். எங்களுக்கு 1 கிலோ 230 கிராம் வந்தது. கூரியரில் அரைக்கிலோ அரைக்கிலோவாகத்தான் கட்டணம் ஏறும், அதனால் இது ஒன்றரைக் கிலோ கணக்கில் போகிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பாருங்கள். தனியார் கூரியர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம் கேட்பார்கள். நான் முதலில் வாங்கிய பெட்டி 20-க்கு 20-க்கு 20. வகுத்தால் 1.6 கிலோ, கட்டணமோ இரண்டு கிலோவுக்கு. காற்றுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். 20-க்கு 15-க்கு 10 பெட்டிக்கு மாறிய பிறகு 0.6 தான் வருகிறது, அதனால் நிஜ எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மென்பொருள் உங்களிடம் கேட்கப்போவது பெரும்பாலும் இவைதான்.

எந்த மென்பொருள் என்று ரொம்ப நாள் யோசிக்க வேண்டாம். ஷாப்பிஃபை மாதச் சந்தாவில் ஓடுகிறது, தொழில்நுட்பத் தலைவலி குறைவு. வூகாமர்ஸ் என்பது வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளின் மேல் உட்காரும் இலவசச் செருகுநிரல் (பிளகின்). டொமைனுக்கும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்கும் இடத்தின் வாடகை) மட்டும் வருடச் செலவு. சீசன் இல்லாத மாதங்களில் சந்தா கட்ட மனமில்லாததால் நான் வூகாமர்ஸை எடுத்தேன். ஹோஸ்டிங் பக்கத்தில் வேர்ட்பிரஸ்ஸை ஒரே சொடுக்கில் நிறுவலாம். அதற்குள் போய் 'பிளகின்ஸ்' பகுதியில் வூகாமர்ஸ் என்று தேடி நிறுவினால் அதுவே கேள்வி கேட்டு அழைத்துப் போகும். கடை முகவரி, பணம் இந்திய ரூபாய், எடை கிலோவில், அளவு சென்டிமீட்டரில். வரிப் பகுதியில் 'விலை வரியோடு சேர்த்தது' என்று குறியுங்கள். பாக்கெட்டில் அச்சடிக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை, திரையில் வேறு விலை தெரியக் கூடாது. பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய கருப்பட்டிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. வரி உள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால், விற்பனை குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்குச் சலுகை உண்டு. உங்கள் சரக்குக்கு என்ன என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே கடையைத் திறங்கள். தின்பண்டம் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது சரக்கு ஏற்றுவது. நான் அடிபட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கருப்பட்டியை அரைக்கிலோ, ஒரு கிலோ, ஐந்து கிலோ என்று விற்கிறோம். இதற்கு 'வேரியபிள் புராடக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'அட்ரிபியூட்ஸ்' பகுதியில் 'எடை' என்று பெயர் கொடுத்து மூன்று அளவையும் எழுதி, 'வேரியேஷனுக்குப் பயன்படுத்து' என்பதை டிக் செய்து சேமித்து, 'வேரியேஷன்ஸ்' பகுதியில் 'ஜெனரேட் வேரியேஷன்ஸ்' என்பதை அழுத்தினால், மூன்றும் தனித்தனிச் சரக்காக வரும். ஒவ்வொன்றுக்கும் விலை, பொதிந்த எடை, எஸ்கேயு எனப்படும் சரக்குக் குறி கொடுங்கள். விலை போடாத வேரியேஷன் கடையில் தெரியவே தெரியாது. பலர் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள்.

இனி இருப்புக் கணக்கு. முதல் வருடம் ஆடி முடிந்து பனையேற்றம் நின்றுவிட்டது. கையில் 40 கிலோ. மூன்று அளவுக்கும் பொதுவான தாய்ச்சரக்கின் 'இன்வென்டரி' பகுதியில் 40 என்று போட்டுவிட்டேன். எட்டுப் பேர் ஐந்து கிலோ வீதம் வாங்கினார்கள். 40 கிலோவும் போயிற்று. திரையிலோ 32 இருப்பு என்று காட்டியது. வூகாமர்ஸுக்குக் கிலோ தெரியாது, உருப்படிதான் தெரியும். அரைக்கிலோ விற்றாலும் ஐந்து கிலோ விற்றாலும் அது ஒன்றைத்தான் கழிக்கும். இது எனக்குப் புரிவதற்குள் இன்னும் ஆறு பேர் பணம் கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பினேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இருக்குன்னு காச வாங்கிட்டு இல்லன்னு சொல்லக் கூடாது தாயி" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். இன்றைக்கும் காதில் நிற்கிறது.

அதனால் தாய்ச்சரக்கில் இருப்பு போடாதீர்கள். விடிலியில் இருந்து வந்ததும் முதலில் பாக்கெட் போட்டுவிடுங்கள். அரைக்கிலோ 30, ஒரு கிலோ 15, ஐந்து கிலோ 2 என்று அலமாரியில் எண்ணி, அந்த எண்ணை அந்தந்த வேரியேஷனிலேயே போடுங்கள். இருப்பு தீர்ந்த பிறகும் ஆர்டர் வாங்கும் 'பேக்ஆர்டர்' என்பதை அனுமதிக்காதீர்கள். குறைந்தால் மின்னஞ்சலில் எச்சரிக்கும் எண்ணை 5 என்று வையுங்கள். ஊரில் யாராவது நேரில் வந்து இரண்டு பாக்கெட் வாங்கிப் போனால், அவர் வாசலைத் தாண்டுவதற்குள் போனில் இருந்தே இரண்டைக் கழித்துவிடுவேன்.

படம் இயற்கை வெளிச்சத்தில், காலையில் எடுங்கள். சிரட்டை அச்சு தெரிகிற முழுக் கருப்பட்டி ஒன்று, உடைத்த முகம் ஒன்று, பாக்கெட்டின் பின்பக்க லேபிள் ஒன்று, இந்த மூன்று படங்கள் போதும். போன் படம் 4 எம்பி வரை வரும். அதை 200 கேபிக்குள் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். விவரத்தில் உண்மையைச் சொல்லுங்கள். 'மழைக்காலத்தில் ஈரம் இழுத்து மேலே கசியும், கெட்டுப் போனதாக அர்த்தமில்லை, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்' என்று எழுதிய பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வரும் புகார் போன்கள் பாதியாகக் குறைந்தன.

அனுப்பும் செலவுக்கு 'ஷிப்பிங் ஸோன்' உண்டு. நான் மூன்று வைத்திருக்கிறேன்: எங்கள் மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா. மாவட்டத்துக்குப் பின்கோடு கட்டத்தில் 628 என்று எழுதி ஒரு நட்சத்திரக் குறி போட்டால், 628-இல் தொடங்கும் எல்லா ஊரும் அதில் அடங்கும். வூகாமர்ஸ் மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்தும் ஸோனிலேயே நின்றுவிடும். அதனால் சின்ன வட்டம் மேலே, பெரிய வட்டம் கீழே. இந்தியாவை மேலே வைத்தால் பக்கத்து ஊர்க்காரரிடமும் டெல்லிக் கட்டணம் கேட்கும். எடைக்கு ஏற்பக் கட்டணம் ஏறும் வசதி இதில் இயல்பாக இல்லை. தனிச் செருகுநிரல் போடலாம், அல்லது என்னைப் போல ஒவ்வொரு பாக்கெட் அளவுக்கும் ஒரு 'ஷிப்பிங் கிளாஸ்' (கட்டணப் பிரிவு) உண்டாக்கி 'ஃபிளாட் ரேட்' பகுதியில் கிளாஸுக்கு ஒரு தொகை எழுதலாம். நோட்டில் எழுதிய எடை இங்கேதான் கை கொடுக்கும்.

பணம் வாங்க ரேசர்பே போன்ற ஒரு கேட்வே வேண்டும். பான், வங்கிக் கணக்கு விவரங்களோடு, தளத்தில் ரீஃபண்ட் கொள்கை, தொடர்பு முகவரிப் பக்கங்களும் இருந்தால்தான் ஒப்புதல் கிடைக்கும். கட்டணம் பொதுவாக 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இணைத்ததும் 'வெப்ஹுக்' என்பதையும் மறக்காமல் அமைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் யுபிஐ செயலியில் பணம் கட்டிவிட்டுத் தளத்துக்குத் திரும்பாமலே போனை மூடிவிடுவார். பணம் வந்திருக்கும், ஆர்டரோ 'பெண்டிங்' என்றே நிற்கும். வெப்ஹுக் இருந்தால் கேட்வே நேராக உங்கள் கடைக்குத் தகவல் சொல்லி, ஆர்டரை 'பிராசசிங்' நிலைக்கு மாற்றிவிடும். கேஷ் ஆன் டெலிவரியை நான் நிறுத்திவிட்டேன். ஒருமுறை வாங்க ஆளில்லாமல் பன்னிரண்டு நாள் வெயிலில் அலைந்து திரும்பிய பெட்டிக்குள் கருப்பட்டி பாகாக ஓடியிருந்தது. போக வரக் கூலியும் என் தலையில்தான் விழுந்தது.

திறப்பதற்கு முன் வேறொரு போனில், வேறொரு மின்னஞ்சலில், நிஜப் பணம் கட்டி ஒரு அரைக்கிலோ வாங்கிப் பாருங்கள். இருப்பு ஒன்று குறைந்ததா? ஆர்டர் மின்னஞ்சல் வந்ததா? வராவிட்டால் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் முறை) செருகுநிரல் ஒன்றைப் போட்டு உங்கள் மின்னஞ்சல் கணக்கு வழியாக அனுப்பச் செய்யுங்கள், ஹோஸ்டிங்கில் இருந்து நேராகப் போகும் அஞ்சல் அடிக்கடி ஸ்பேமில் விழும். பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் 'கேஷிங்' செருகுநிரல் இருந்தால் கார்ட், செக்அவுட் பக்கங்களை அதிலிருந்து விலக்குங்கள், இல்லாவிட்டால் கூடையில் போட்டது காணாமல் போகும். பிறகு அந்த ஆர்டரை ரீஃபண்ட் செய்தும் பாருங்கள். பாக்கெட் மறுபடி இருப்பில் சேர்ந்ததா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஆர்டர் வந்ததும் 'கம்ப்ளீட்டட்' என்று மாற்றக் கை பரபரக்கும். பெட்டி கூரியர்காரர் கைக்குப் போய், ரசீது நம் கைக்கு வரும் வரை மாற்றாதீர்கள். ரசீதில் உள்ள டிராக்கிங் எண்ணை ஆர்டர் பக்கத்தில் வலது ஓரம் 'நோட் டு கஸ்டமர்' என்பதில் ஒட்டிச் சேருங்கள், அது அவருக்கு மின்னஞ்சலாகப் போய்விடும். நான் அதோடு ஒரு வரி சேர்த்து எழுதுவேன், எந்த விடிலியில், எந்த வாரம் காய்ச்சியது என்று.