மண்தாழியில் பயறும் விதையும் கெடாமல் சேமிக்கும் முறை

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009-இல் தொடங்கிய அகழாய்வில், பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஓர் ஈமச்சின்னத்தினுள் நான்கு கால்கள் கொண்ட சாடி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 490 எனக் கணிக்கப்பட்டது. தாமிரபரணிப் படுகையிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் பொ.ஆ.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவருக்குப் படைத்த அந்த நெல்லை இன்று விதைக்கவும் முடியாது, உலையில் இடவும் முடியாது. உயிரோடு இருந்தவர்களின் வீட்டிலோ, அடுத்த பட்டத்துக்கு முளைக்க வேண்டிய விதையும் ஆண்டு முழுதும் உண்ண வேண்டிய தானியமும் மண்கலத்தில்தான் இருந்தன. கலத்தின் பங்கு அதில் பாதி. உள்ளே போவதைப் பக்குவப்படுத்தும் உழைப்பு மறுபாதி. மண்பானை வாங்கிப் பருப்பைக் கொட்டி மூடிவிட்டு, இரண்டு மாதத்தில் வண்டு விழுந்ததும் பழைய முறையே பயனற்றது என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். அவர்கள் விட்டது அந்த மறுபாதியைத்தான்.

முதலில் எந்தப் பொருளுக்கு எந்தக் கலம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். காவிரிப் படுகையின் குதிரும் தென்மாவட்டங்களின் குலுக்கையும் மூட்டைக் கணக்கில் நெல் கொள்பவை. களிமண்ணில் வைக்கோலைக் கலந்து, உறை உறையாக வனைந்து காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைப்புகளை மண்ணால் பூசுவார்கள். மேலே கொட்டவும், அடியிலுள்ள துளை வழியே எடுக்கவும் வசதி இருக்கும். "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழியிலிருந்தே அதன் பருமன் விளங்கும். இன்றைய வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஐந்து முதல் பத்து கிலோ கொள்ளும் சுட்ட மண்பானைகள் சிலவற்றை, அகன்றது அடியிலும் சிறியது மேலுமாக வைத்த பழைய அடுக்குப்பானை ஏற்பாடே போதுமானது. பெரிய பானை ஒன்றைவிடச் சிறிய பானைகள் நான்கு மேல் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றைத் திறக்கும்போது மற்ற மூன்றும் காற்றுப்படாமல் இருக்கும்.

பானையை வாங்கும்போது விரல் கணுவால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த பானை எல்லா இடத்திலும் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஒலி மழுங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் நீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். பானை முழுதும் சீராக வியர்த்தால் அது மண்ணின் இயல்பு. ஓரிடத்தில் மட்டும் கோடாக நனைந்திருந்தால் அந்தப் பானை சேமிப்புக்கு ஆகாது. சோதனை முடிந்த பானையை நல்ல வெயிலில் சில நாட்கள் காயவிட வேண்டும். சுவரின் நுண்துளைகளில் தங்கிய ஈரம் எளிதில் போகாது. மேற்பரப்பு உலர்ந்துவிட்டது என்று நம்பித் தானியத்தை இட்டால், அந்த ஈரம் உள்ளேதான் இறங்கும். காய்ந்தபின் கனலின்மேல் வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு, பானையைக் கவிழ்த்துப் புகை காட்டுங்கள். வெளிப்புறத்தில் சாணமும் களிமண்ணும் குழைத்து மெழுகினால் நுண்துளைகள் அடைபட்டு, மழைக்கால ஈரக்காற்று உள்ளே புகுவது குறையும்.

அடுத்தது உலர்த்துதல். இதில் அவசரப்பட்டால் பிறகு செய்யும் எதுவும் பயன் தராது. சான்று விதைக்கான தரப்படி நெல்லில் ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கும் பயறு வகைகளில் 9 விழுக்காட்டுக்கும் மேற்படக் கூடாது. ஈரமானி இல்லாத வீட்டில் பல்லே கருவி: காய்ந்த உளுந்தைக் கடித்தால் கடக்கென்று உடையும், ஈரமுள்ளது பல் பதிந்து நசுங்கும். இன்னொரு சோதனையும் உண்டு. நன்கு காய்ந்த தூள் உப்பையும் தானியத்தையும் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இட்டுச் சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் பயறுக்கு இன்னும் ஒரு வெயில் தேவைப்படலாம் என்பதால் கடித்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். மெல்லிய பரப்பாகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்திய தானியத்தை நிழலில் ஆறவிட்ட பிறகே பானையில் இடவேண்டும். சூட்டோடு இட்டு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பயறு வண்டின் வாழ்க்கையை அறிந்தால் மற்ற ஏற்பாடுகளின் காரணம் புரியும். வயலில் நெற்று முற்றும்போதே அது முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. பயறின் தோலில் வெண்புள்ளியாக ஒட்டியிருப்பதுதான் முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராகப் பயறைத் துளைத்து உள்ளே வளர்ந்து, நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்டத் துளையிட்டு வண்டாக வெளியேறுகிறது. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பதன் நோக்கம், முட்டை ஒட்டத் தோலில் இடம் தராமல் மண்பூச்சால் மறைப்பது. உணவுக்கான பயறாக இருந்தால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் இட்டுப் பிசறலாம். விதைக்குச் சலித்த சாம்பலும் வசம்புத் தூளும் கலப்பது வழக்கம். முழுப்பயறை விட உடைத்த பருப்பை இந்த வண்டு குறைவாகவே நாடும் என்பதால், உண்பதற்கு வைத்திருப்பதை உடைத்தே சேமிப்பது நல்லது.

பானையின் அடியில் காய்ந்த வேப்பிலை இட்டு, தானியத்தைக் கழுத்துவரை நிரப்புங்கள். அரைப்பானையாக விட்டால் மேலே நிற்கும் காற்றிலுள்ள ஈரம் தானியத்துக்குப் போகும். பயறானால் அதன்மேல் துணி விரித்து, வறுத்து ஆறிய மணலை ஓரங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். வண்டால் அந்த அடுக்கை எளிதில் கடந்து போக முடியாது. வாயைத் துணியால் இறுகக் கட்டி, மூடியை வைத்து, சுற்றிலும் களிமண்ணால் பூசிவிடுங்கள். பானையைத் தரையில் வைக்காமல் வைக்கோல் பிரிமணையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தண்ணீர்ப் பானைக்கு அருகில் இல்லாதவாறு வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறக்கவே கூடாது. திறந்தாக வேண்டுமானால் வெயில் ஏறிய நண்பகலில் திறந்து உடனே மூடுங்கள். அமாவாசைதோறும் விதையை எடுத்து வெயில் காட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வண்டின் ஒரு தலைமுறைக்கும் ஏறத்தாழ அதே ஒரு மாதம்தான் என்பதால், அந்தக் கணக்கைப் பின்பற்றுவது பொருத்தமானது.

மண்கலம் எல்லாவற்றுக்கும் ஏற்றதல்ல. உப்பும் புளிப்பும் எண்ணெயும் மிகுந்த ஊறுகாயை மெருகில்லாத பானையில் வைத்தால், உப்புநீர் சுவரில் ஊறி வெளியே பூத்து, மண்ணைப் பொரிப்பொரியாக உதிர்த்துவிடும். புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் ஓடுகளாகக் கிடைத்த ரோமானிய இருகைப்பிடிச் சாடிகளில் மது வந்தது. கசிவைத் தடுப்பதற்காகவே மதுச்சாடிகளின் உட்புறத்தில் ரோமானியர்கள் மரப்பிசினைப் பூசினார்கள். நமக்கு அந்த வேலையைப் பீங்கான் ஜாடி செய்கிறது. ஆனால் பழைய பொருள் கடையில் வாங்கிய மெருகுச் சாடியின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பு அதைக் கரைத்தெடுக்கும் என்பதால், அதில் உணவு வைக்காமல் அழகுக்கு மட்டும் வையுங்கள்.

நிலத்தில் தோண்டும்போது தாழி தென்பட்டால் அசைக்காமல் வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். உள்ளிருக்கும் மண்ணிலும் நெல்மணியிலும்தான் அதன் காலக்கணக்கு இருக்கிறது. எடுத்துக் கழுவினால் அது போய்விடும்.

பானை காலியானதும் சோப்பு இட்டுக் கழுவாதீர்கள். சுவர் அதை உறிஞ்சி அடுத்த தானியத்துக்கு மணமாகத் தரும். தேங்காய் நாரும் சலித்த சாம்பலும் கொண்டு தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, முன்போலவே நாட்கணக்கில் வெயிலில் காயவிட்டுப் புகை காட்டியபின் மீண்டும் நிரப்புங்கள்.